எழுத எழுத தெளியும்னாங்க, எனக்கு கலங்கிட்டே தான் போகுது. ஜர்னல் எழுதுறவங்க கொஞ்சம் வாங்க

அமைதிநதி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப தான் முதல் முறையா இழை திறக்கிறேன். கொஞ்ச மாசமா ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி ஜர்னல் எழுதுறேன். மனசுல இருக்கிறத எல்லாம் கொட்டிடுங்க, தலை லேசாயிடும், உங்கள நீங்களே புரிஞ்சிக்குவீங்கன்னு எங்க பாத்தாலும் சொல்றாங்க இல்லையா, அத நம்பி தான் ஆரம்பிச்சேன். பழக்கம் நல்லாவே ஒட்டிக்கிச்சு, அதுல பிரச்சனை இல்ல. ஆனா எழுதி முடிச்சு நோட்ட மூடும்போது லேசா இல்ல, பாரமா இருக்கு. ஆரம்பிக்கும்போது சின்ன எரிச்சல்ல தான் இருப்பேன், ரெண்டு பக்கம் தாண்டினா பழைய கதை எல்லாம் வந்து உக்காந்துக்கும், மூணாவது பக்கத்துல நான் தான் எதுக்கும் லாயக்கில்லங்கிற இடத்துல வந்து நிப்பேன். போன மாசம் எழுதினதையும் இந்த மாசம் எழுதினதையும் தேதிய மறைச்சிட்டு படிச்சா எது எப்போ எழுதினதுன்னே சொல்ல முடியாது, அவ்வளவு ஒரே புலம்பல்.

இது எனக்கு மட்டும் தானா, இல்ல எழுதுற விதத்துலயே ஏதாவது மாத்தணுமா? நிறுத்திடலாமான்னும் தோணுது, ஆனா இது நிஜமாவே உதவும்னு உள்ளுக்குள்ள ஒரு நம்பிக்கை இருக்கு, அதான் கேக்கிறேன்.

பகலவன்77:

உங்களுக்கு மட்டும் இல்லங்க, நிறைய பேருக்கு இது தான் கதை. நான் அப்படி எழுதுறதையே விட்டுட்டேன், வாரத்துல ஒரு நாள் உக்காந்து அந்த வாரத்துல நன்றியோட நினைக்கிற விஷயங்கள மட்டும் எழுதுறேன். இது சும்மா வாட்ஸ்அப் ஃபார்வர்டு இல்ல, 2003ல எம்மன்ஸ், மெக்கல்லோன்னு ரெண்டு பேர் செஞ்ச ஆய்வுல பத்து வாரம், வாரத்துக்கு ஒரு தடவ அஞ்சு விஷயம் வரைக்கும் எழுத வெச்சாங்க, எரிச்சலூட்டின விஷயங்கள எழுதினவங்கள விட இவங்களுக்கு தங்களோட வாழ்க்கை பத்தின எண்ணம் நல்லா இருந்துச்சு. தினமும் எழுதணும்னு கூட இல்ல பாருங்க. ட்ரை பண்ணுங்க.

அமைதிநதி:

நன்றிங்க பகலவன். அதுவும் செய்றேன் அப்பப்போ. ஆனா எனக்கு மூட் நல்லாகணும்ங்கிறத விட, நான் ஏன் சில விஷயத்துக்கு இவ்வளவு ரியாக்ட் பண்றேன்னு தெரிஞ்சிக்கணும், அது தான் முக்கியமா வேணும்.

வெள்ளிமீன்:

அமைதிநதி, நான் சைக்காலஜி படிச்சவ, இந்த டாபிக் மேல எனக்கு தனி ஈடுபாடு உண்டு, கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு ஆறுதல். எழுதி முடிச்ச கையோட பாரமா இருக்கிறது தோல்வி கிடையாது. மனசுல இருக்கிறத எழுதினா என்ன ஆகும்னு ஆராயற இந்தத் துறைக்கே ஆரம்பப்புள்ளின்னு சொல்லக்கூடிய ஆய்வு 1986ல ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் செஞ்சது. 46 காலேஜ் ஸ்டூடண்ட்ஸ், நாலு நாள் தொடர்ச்சியா, நாளைக்கு 15 நிமிஷம் எழுதணும். சிலர் சாதாரண விஷயத்த எழுதினாங்க, சிலர் தங்களுக்கு நடந்த மோசமான சம்பவத்துல வெறும் உணர்ச்சிய மட்டும், சிலர் வெறும் நடந்தத மட்டும், கடைசி குரூப் ரெண்டையும் சேத்து. ரெண்டையும் சேத்து எழுதினவங்களுக்கு எழுதி முடிச்ச உடனே மனசு சோர்வா இருந்துச்சு, ரத்த அழுத்தம் கூட ஏறியிருந்துச்சு. ஆனா அடுத்த ஆறு மாசத்துல காலேஜ் ஹெல்த் சென்டருக்கு மத்தவங்கள விட கம்மியா தான் போனாங்க. உடனே கனமா இருக்கு, பலன் பிறகு வருது. இதுல நாம எல்லாரும் கோட்டை விடுற விஷயம் ஒண்ணு இருக்கு, அவங்க எழுதினது நாலே நாள். முடிவே இல்லாம ராத்திரிக்கு ராத்திரி அதே காயத்த கிளறச் சொல்லி யாரும் சொல்லல.

இன்னொண்ணு, இதே மாதிரி செஞ்ச சில ஆய்வுகள்ல எழுதினவங்கள்லயும் யாருக்கு பலன் கிடைச்சுதுன்னு பின்னாடி அவங்க எழுத்தையே கம்ப்யூட்டர்ல போட்டு அலசினாங்க, 1997ல அந்த பேப்பர் வந்துச்சு. முதல் நாள் எழுத்துல காரணம் சொல்ற வார்த்தைகளும் புரிஞ்சிக்கிற வார்த்தைகளும் கம்மியா இருந்து, அதாவது 'அதனால', 'ஏன்னா', 'இப்ப தான் புரியுது' வகையறா, நாள் போகப் போக அது கூடினவங்களுக்கு தான் நல்லது நடந்துச்சு. முதல் நாளும் கடைசி நாளும் ஒரே கதைய ஒரே விதமா சொன்னவங்களுக்கு அந்த அளவுக்கு இல்ல. உங்க தேதி மறைக்கிற உதாரணம் படிச்சதும் எனக்கு இது தான் டக்குன்னு ஞாபகம் வந்துச்சு.

அப்புறம் கொஞ்சம் கசப்பான ஒரு விஷயமும் சொல்லிடறேன். 2002ல ஆன்டனி கிராண்ட் குழு தன்னப்பத்தி யோசிக்கிறதையும் தன்னப்பத்தி தெளிவா இருக்கிறதையும் தனித்தனியா அளக்க ஒரு அளவுகோல் பண்ணாங்க. டைரி எழுதுறவங்க யோசிக்கிறதுல அதிகமாவும் தெளிவுல கம்மியாவும் இருந்தாங்க! டைரி எழுதினதால தெளிவு போச்சுன்னு இதுக்கு அர்த்தம் கிடையாது, தெளிவில்லாம தவிக்கிறவங்க தான் டைரிய தேடி வர்றாங்கன்னும் இருக்கலாம். ஆனா யோசிக்கிறதும் தெளியறதும் ஒண்ணில்லங்கிறது அதுல நல்லாவே தெரியுது. சூசன் நோலன் ஹோக்ஸெமா வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி பண்ணது இந்த அசைபோடுற பழக்கத்த தான், ருமினேஷன்னு சொல்றது. ஏன் இப்படி ஆச்சு, எனக்கு மட்டும் ஏன்னு திரும்பத் திரும்ப ஓட்டிட்டே இருந்தா சோர்வு நீளுமே தவிர தீர்வு வராதுன்னு அவங்க பல வருஷம் காட்டினாங்க. பேனாவ கையில வெச்சுக்கிட்டும் அசைபோட முடியும், அங்க தான் நீங்க மாட்டிக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்குப் படுது.

நூலகப்பூனை:

வெள்ளிமீன் சொன்னது எல்லாம் சரி, ஆனா நான் கொஞ்சம் மாறுபடுறேன். இப்படி வார்த்தைய எண்ணி, காரணம் தேடி, விதி போட்டு எழுத ஆரம்பிச்சா அது இன்னொரு ஹோம்வொர்க் ஆயிடும். நான் காலையில எந்திரிச்சதும் கை போன போக்குல எழுதுறேன், எதையும் திருப்பிப் படிக்கிறதே இல்ல, பல சமயம் கிழிச்சுப் போட்டுடுவேன். எனக்கு அது தான் மருந்து. தலைக்குள்ள ஓடிட்டே இருக்கிற சத்தம் தாளுக்கு எறங்கினா போதும், நாள் நல்லா போகும்.

ராத்திரி தூக்கம் வராம தவிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 2018ல மைக்கேல் ஸ்கலின் குழு 57 பேர லேப்ல தூங்க வெச்சு பாத்தாங்க, படுக்கும்போது அஞ்சு நிமிஷம் அடுத்து செய்ய வேண்டிய வேலைகள எழுதினவங்க, செஞ்சு முடிச்ச வேலைகள எழுதினவங்கள விட சராசரியா ஒன்பது நிமிஷம் சீக்கிரமா தூங்கினாங்க. எவ்வளவு விவரமா லிஸ்ட் போட்டாங்களோ அவ்வளவு சீக்கிரம். இதுல ஆழமான சுயபரிசோதனை எதுவுமே கிடையாது பாருங்க, வெறும் இறக்கி வைக்கிறது தான். அதுக்கும் மதிப்பு உண்டு.

கருப்புமை:

நூலகப்பூனைம்மா, நீங்க சொல்றதும் நெசம், ஆனா நீங்க பேசுறது இறக்கி வைக்கிறதுக்கு எழுதுறத பத்தி, அமைதிநதி கேக்கிறது தன்ன புரிஞ்சிக்க எழுதுறத பத்தி. ரெண்டும் வேற வேற வேலை, ஒரே நோட்டுல ஒரே நேரத்துல ரெண்டையும் செய்யப் போறதால தான் பாதி பேர் சிக்கிக்கிறாங்க. இறக்கி வைக்கிறதுன்னா கிழிச்சுப் போட்டுடலாம். புரிஞ்சிக்கணும்னா கிழிக்கக் கூடாது, படிக்கணும், அதுவும் உடனே இல்ல, சூடு ஆறின பிறகு.

அமைதிநதிம்மா, எனக்கு வயசு அறுபத தாண்டிடுச்சு, சின்ன வயசுலேருந்து டைரி எழுதுற ஆளு. என்னோட அபிப்ராயத்த சொல்றேன், தெளிவு எழுதும்போது கிடைக்கிறத விட படிக்கும்போது தான் அதிகமா கிடைக்குது. எழுதுற நேரத்துல நீங்க அந்தக் கோவத்துக்குள்ளயே நிக்கிறீங்க, உள்ள நிக்கிறவங்களுக்கு எது எங்க இருக்குன்னு தெரியாது. ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு அதையே எடுத்துப் படிக்கும்போது நீங்க வேற ஒரு ஆளு, அப்போ கண்ணுல படுற விஷயம் எழுதினப்போ பட்டிருக்காது. நான் வலது பக்கத்துல மட்டும் தான் எழுதுவேன். இடது பக்கம் காலியா கிடக்கும். பிறகு படிக்கும்போது தோணுறத, அன்னிக்குத் தேதி போட்டு, அந்த இடது பக்கத்துல எழுதுவேன். சில பக்கத்துல மூணு வெவ்வேறு தேதி இருக்கும், வலது பக்கத்துல ஒரு கோவக்காரன் கத்திட்டு இருப்பான், இடது பக்கத்துல கொஞ்ச கொஞ்சமா ஒருத்தன் நெதானமாயிட்டு வருவான்.

ஆனா அப்படிப் படிக்கிறதுக்கு பக்கத்துல ஏதாவது இருக்கணும் இல்லையா. 'இன்னிக்கும் மனசு சரியில்ல, எல்லாமே வெறுப்பா இருக்கு'ன்னு எழுதி வெச்சா, பத்து நாள் கழிச்சுப் படிச்சு என்ன தெரிஞ்சிக்கப் போறீங்க? நடந்தத எழுதணும். யார் என்ன சொன்னாங்க, அவங்க சொன்ன வார்த்தையே, அப்ப நீங்க என்ன செஞ்சிட்டு இருந்தீங்க, உடம்புல எங்க என்ன ஆச்சு, அடுத்த நிமிஷம் என்ன செஞ்சீங்க. இதெல்லாம் இல்லாம தீர்ப்பு மட்டும் எழுதினா செக்குமாடா சுத்த வேண்டியது தான்.

உங்களுக்கு சம்மதம்னா ஒரு சின்ன சம்பவத்த, ரொம்ப ஆழமான காயம் இல்லாததா பாத்து, நீங்க எழுதினபடியே இங்க போடுங்க, நாங்க பாக்கிறோம். கட்டாயம் இல்லம்மா.

அமைதிநதி:

கருப்புமை ஐயா, படிச்சதும் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். போடுறேன். இது போன வாரம் எழுதினது, ஒரு எழுத்து கூட மாத்தல:

'இன்னிக்கும் அதே தான். யாருக்குமே என் மேல அக்கறை இல்ல. எல்லாருக்கும் நான் ஓடி ஓடி செய்யணும், எனக்கு ஒண்ணுன்னா ஒரு கட்டைவிரல் தான் பதில். எப்பவுமே இப்படித் தான். இத்தனை வருஷ ஃப்ரெண்ட்ஷிப்புக்கு இவ்வளவு தான் மதிப்பு. நான் தான் ஏமாளி. ஏன் எனக்கு மட்டும் இப்படிப்பட்டவங்களே வந்து சேர்றாங்க.'

இப்படியே இன்னும் ஒன்றரை பக்கம் போகுது. சம்பவம் என்னன்னா, நான் வேலை மாறுறத பத்தி என் நெருங்கின தோழிக்கு மெசேஜ் போட்டேன், அவ வெறும் தம்ஸ் அப் போட்டா.

கருப்புமை:

தைரியமா போட்டதுக்கு சந்தோஷம்மா. இப்ப நீங்களே பாருங்க, இந்தப் பத்தில நடந்த விஷயம்னு இருக்கிறது 'ஒரு கட்டைவிரல்', அவ்வளவு தான். அது கூட என்ன ஏதுன்னு எங்களுக்குப் புரியல, நீங்க கீழ விளக்கின பிறகு தான் புரிஞ்சுது. மத்தது எல்லாம் தீர்ப்பு. 'யாருக்குமே', 'எப்பவுமே', 'இப்படிப்பட்டவங்களே' இந்த மூணையும் பென்சில்ல வட்டம் போடுங்க. எழுதும்போது இது வரத்தான் செய்யும், வரட்டும், ஆனா படிக்கும்போது இது இருக்கிற இடம் எல்லாம் நீங்க சம்பவத்த விட்டு வெளிய ஓடின இடம்னு வெச்சிக்கோங்க.

கடைசில 'ஏன் எனக்கு மட்டும்'னு ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு இந்த உலகத்துல யாராலயும் பதில் சொல்ல முடியாதும்மா, மனசு சும்மா இருக்காம தானா ஒரு பதில் தயாரிச்சு குடுத்துடும், அது பெரும்பாலும் 'நீ லாயக்கில்ல'ன்னு தான் இருக்கும். 'ஏன்'ங்கிறத 'என்ன'ன்னு மாத்துங்க. நான் என்ன எதிர்பார்த்தேன்? அப்ப எனக்குள்ள என்ன ஆச்சு? இப்ப எனக்கு என்ன வேணும்? அந்த மெசேஜ நீங்க அனுப்பின வார்த்தையோட அப்படியே நோட்டுல எடுத்து எழுதுங்க, அங்கேருந்து ஆரம்பிங்க.

சும்மா_ஒருத்தி:

நானும் உள்ள வரேன். ஐயா சொன்னதோட இன்னொரு விஷயம், 'நான்' 'எனக்கு'ன்னு எழுதாம ஒரு தடவ தன்னையே பேர் சொல்லி கூப்பிட்டு எழுதிப் பாருங்க. ஈதன் க்ராஸ்னு ஒரு பேராசிரியர், 2014ல அவரோட குழு வெளியிட்டதுல, பதட்டமான ஒரு விஷயத்துக்கு முன்னாடி தன்கிட்டயே 'நான்'னு பேசிக்கிறவங்கள விட தன் பேரச் சொல்லி பேசிக்கிறவங்க நெதானமா சமாளிச்சாங்க. நான் எனக்கு எழுதும்போது என் அக்கா எனக்கு எழுதுறதா நினைச்சிக்குவேன். 'ஏண்டி, அவ அப்படிச் சொன்னதும் உனக்கு எங்கடி சுருக்குன்னுச்சு, நெஜத்த சொல்லு'ன்னு ஆரம்பிக்கும். அக்காகிட்ட பொய் சொல்ல முடியாது இல்ல, கை தானா உண்மைய எழுதிடும். அக்கா திட்டுவா, ஆனா கேவலப்படுத்த மாட்டா, அது தான் வித்தியாசம்.

நான் ஒரு காலத்துல கவுன்சிலர்கிட்ட போயிட்டு இருந்தேன், அவங்க ஒரு தாள் குடுப்பாங்க, கட்டம் கட்டமா இருக்கும். என்ன நடந்துச்சு, அப்ப மனசுல ஓடின நினைப்பு என்ன, அந்த நேரத்து உணர்ச்சி என்ன, அது நூத்துக்கு எவ்வளவு, அந்த நினைப்புக்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன, ரெண்டையும் பாத்த பிறகு என்ன சொல்லத் தோணுது, இப்ப அந்த உணர்ச்சி நூத்துக்கு எவ்வளவு. ஆரன் பெக்னு ஒரு மனநல மருத்துவர் ஆரம்பிச்சு வெச்ச சிகிச்சை முறைலேருந்து வந்தது. 'எதிரான ஆதாரம்' கட்டத்துல பேனா நின்னுடும் பாருங்க, அங்க தான் விஷயமே இருக்கு. அந்த தாள முடிச்சா எந்திரிச்சிடலாம், அதுக்கு மேல எழுத இடமே கிடையாது. இடம் கம்மியா இருக்கிறது ஒரு பெரிய நிம்மதிங்க.

பகலவன்77:

இந்த இழை எங்கேயோ போயிட்டு இருக்கு, அருமை. நான் இன்னொரு வகை எழுத்தும் வெச்சிருக்கேன், அத சொல்லல முன்னாடி. பெருசா ஏதாவது முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி, இதுல என்ன நடக்கும்னு நான் நினைக்கிறேன், எவ்வளவு உறுதியா நினைக்கிறேன், எதுக்கு பயப்படுறேன்னு தேதி போட்டு எழுதி வெச்சிடுவேன். அப்புறம் முடிவு தெரிஞ்ச பிறகு போய் பாப்பேன். ஏன்னா நடந்து முடிஞ்ச பிறகு 'எனக்கு அப்பவே தெரியும்'னு தோணும், அது பொய். பாரூக் ஃபிஷ்ஹாஃப்னு ஒருத்தர், 1972ல அப்போதைய அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போறதுக்கு முன்னாடி ஸ்டூடண்ட்ஸ்கிட்ட இது இது நடக்க எவ்வளவு வாய்ப்புன்னு கேட்டு வெச்சாங்க, பயணம் முடிஞ்ச பிறகு நீங்க அப்ப என்ன சொன்னீங்கன்னு கேட்டா, நடந்துட்டதா நினைச்ச விஷயங்களுக்கு அப்பவே அதிக வாய்ப்பு குடுத்ததா ஞாபகம் வெச்சிருந்தாங்க. 1975ல வந்த பேப்பர் அது. மனசு பழைய நம்மள இப்ப இருக்கிற நமக்கு ஏத்த மாதிரி திருத்திடுது, தாளுக்கு அது தெரியாது. தன்ன தெரிஞ்சிக்கணும்னா இது ரொம்ப நேர்மையான வழின்னு நினைக்கிறேன், எனக்கு இதுல தெரிஞ்சது நான் பயந்தது பெரும்பாலும் நடக்கிறதே இல்ல, பயப்படாத பக்கத்துலேருந்து தான் அடி வருதுன்னு.

வேலை மாறுறீங்கன்னு சொன்னீங்க இல்ல அமைதிநதி, அதுக்கு இப்படி ஒரு பக்கம் எழுதி வெச்சிடுங்க, ஆறு மாசம் கழிச்சுப் படிக்க நல்லா இருக்கும்.

அமைதிநதி:

எல்லாரும் சொன்னத வெச்சு ராத்திரி உக்காந்து எழுதினேன். நீளமா இருக்கு, முக்கியமானது மட்டும் போடுறேன்.

'செவ்வாய்க்கிழமை மதியம் ஆபீஸ்ல இருந்து மெசேஜ் அனுப்பின. நீ அனுப்பினது: புது வேலை கன்ஃபர்ம் ஆயிடுச்சு, அடுத்த மாசம் ஜாயின் பண்றேன், செம்ம ஹேப்பி! அவ தம்ஸ் அப் போட்டா. பாத்ததும் தொண்டைகிட்ட இறுகிச்சு, போன கவுத்து வெச்ச, அப்புறம் திருப்பி எடுத்து அவ வேற ஏதாவது டைப் பண்றாளான்னு பாத்துட்டே இருந்த. அவ என்ன சொல்லணும்னு எதிர்பார்த்த? கங்கிராட்ஸா? இல்ல. புது இடமாச்சே, பயமா இருக்கான்னு கேக்கணும்னு எதிர்பார்த்த. ஆனா நீ பயமா இருக்குன்னு சொல்லவே இல்லையே, செம்ம ஹேப்பின்னு தான எழுதியிருக்க. யார்கிட்டயாவது சொன்னியா? அம்மாகிட்ட சொல்லல, ஆபீஸ்ல சொல்லல. இந்த நோட்டுல கூட எழுதல.'

இத எழுதினப்போ அழுதுட்டேன். நோட்ட பின்னாடி புரட்டிப் பாத்தேன், வேலை மாறுறது முடிவானதுலேருந்து நான் எழுதினது எல்லாமே மத்தவங்க மேல கோவம் தான், புது வேலைய பத்தி ஒரு வரி கூட இல்ல. எனக்கு அவ மேல கோவமே இல்லன்னு சொல்ல மாட்டேன், கொஞ்சம் இருக்கு இன்னும். ஆனா அந்த பாரம் அவளால வந்தது இல்ல. எனக்கு பயமா இருக்கு, அந்த இடத்துல நான் தாக்குப் பிடிப்பேனான்னு பயமா இருக்கு. இத டைப் பண்ணும்போதே மூச்சு கொஞ்சம் ஈஸியா வருது.

வெள்ளிமீன்:

படிச்சதும் எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. இது தான் அந்த 'இப்ப தான் புரியுது' வர்ற இடம். உணர்ச்சிக்கு சரியான பேர் வெக்கிறதே ஒரு வேலைய செய்யுது, 2007ல மேத்யூ லீபர்மன் குழு மூளை ஸ்கேன்ல பாத்தாங்க, கோவமான, பயந்த முகங்களோட படத்த பாக்கும்போது அந்த உணர்ச்சிக்கு பேர் சொன்னா அமிக்டலாவோட, அதாவது மூளைல பயம் மாதிரி உணர்ச்சிகள்ல பங்கு வகிக்கிற பகுதியோட, பரபரப்பு குறைஞ்சுது. நீங்க இவ்வளவு நாளா பயத்துக்கு கோவம்னு பேர் வெச்சிருந்தீங்க, சரியான பேர் இப்ப தான் கிடைச்சிருக்கு.

ஒரு எச்சரிக்கையும் சேத்து சொல்லிடறேன், இந்த இழைய படிக்கிற எல்லாருக்கும். பலன் இருக்குங்கிறது உண்மை, அது பெருசுன்னு நினைச்சிட வேணாம். 2006ல ஃப்ராட்டரோலின்னு ஒரு ஆய்வாளர் இது சம்பந்தமான 146 ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்தப்போ சராசரி பலன் சின்னது தான், ஆனா இருக்கு. சிலருக்கு சில நேரத்துல இது எதிராவும் போகும். 2013ல டேவிட் ஸ்பாரா குழு, சமீபத்துல துணைய விட்டு பிரிஞ்சவங்கள எழுத வெச்சப்போ, எல்லாத்துக்கும் அர்த்தம் தேடித் தேடி தவிக்கிற குணம் உள்ளவங்க, உணர்ச்சிய கொட்டி எழுதினா தேறுறதுக்கு பின்தங்கினாங்க, அன்னன்னிக்கு என்ன செஞ்சோம்னு சாதாரணமா எழுதினவங்க நல்லா தேறினாங்க. பென்னிபேக்கரே ஒரு விதி சொல்லுவார், ஒரு விஷயத்த எழுதினா தாங்க மாட்டேன்னு உங்களுக்கே தோணினா அத எழுதாதீங்க, வேற விஷயத்துக்குப் போங்கன்னு. காயம் ரொம்ப புதுசா இருந்தா, இல்ல எழுத எழுத உயிர விட்டுடலாமான்னு நினைப்பு வந்தா, நோட்ட மூடிட்டு ஒரு மனுஷங்ககிட்ட, முடிஞ்சா டாக்டர்கிட்ட பேசுங்க. தயவுசெஞ்சு.

கருப்புமை:

அமைதிநதிம்மா, நல்லா எழுதியிருக்கீங்க. இதுக்கு மேல இதப்பத்தி எழுத வேணாம், போதும். தோழிகிட்ட பயமா இருக்குன்னு ஒரு வரி அனுப்புங்க, இல்ல போன் பண்ணுங்க. இடது பக்கத்த காலியா விடுங்க, வேலைல சேந்த பிறகு ஒரு நாள் எடுத்துப் பாத்துக்கலாம்.

நூலகப்பூனை:

நானும் ஒத்துக்கிறேன் ஐயா, கிழிச்சுப் போடுற ஆளா இருந்தாலும் இந்த இடது பக்கம் ஐடியா என்ன யோசிக்க வைக்குது. காலைல எழுதுறது அப்படியே இருக்கட்டும், மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு சம்பவத்துக்கு மட்டும் தனி நோட்டு போடலாம்னு பாக்கிறேன்.

ஓரத்து_நாற்காலி:

ஆரம்பத்துலேருந்து எல்லாத்தையும் படிச்சேன். எனக்கு ஒரே ஒரு தடை தான், பயம். வீட்டுல எல்லாரும் ஒரே ரூம்ல தான், தனி அலமாரி கூட கிடையாது, யாராவது எடுத்துப் படிச்சிடுவாங்கன்னு நினைச்சாலே கை எழுத மாட்டேங்குது, எழுதினாலும் நல்லபிள்ளையா தான் எழுதுறேன். போன்ல எழுதலாமா?

சும்மா_ஒருத்தி:

படிக்க ஆள் இருக்குன்னு தோணிட்டா நாம நமக்கு எழுத மாட்டோம், அவங்களுக்கு தான் எழுதுவோம், அதனால இந்தக் கேள்வி சின்ன கேள்வியே இல்லங்க. போன்ல லாக் போட்ட நோட்ஸ் ஆப்ல எழுதலாம், தப்பே இல்ல, நோட்டிஃபிகேஷன மட்டும் ஆஃப் பண்ணிட்டு உக்காருங்க. வேற யாரோட போன்லயும் அதே அக்கவுண்ட் ஓடலையான்னு முதல்ல பாத்துக்கோங்க, நிறைய பேர் அதுல தான் மாட்டுறாங்க. எனக்கு கையால எழுதினா மெதுவா போகும், மெதுவா போனா தான் யோசனை வரும், அதனால நான் தாள் தான். கூட்டு வீட்டுல இருந்தப்போ நோட்டு வெக்கல, ஒத்த தாள்ல எழுதுவேன், ஆளுங்களுக்கு பேர் போடாம ஒரு எழுத்து மட்டும். எழுதி முடிச்சதும் அதுல எனக்குத் தெரிய வந்தது என்னன்னு ஒரு வரிய மட்டும் போன்ல தேதியோட போட்டுட்டு தாள கிழிச்சிடுவேன். யாரு படிச்சாலும் அந்த ஒத்த வரில ஒண்ணும் புரியாது, ஆனா எனக்கு மொத்தமும் ஞாபகம் வந்துடும்.

ஓரத்து_நாற்காலி:

பேருக்கு பதிலா ஒரு எழுத்து, இது எனக்குத் தோணவே இல்ல. இன்னிக்கு எல்லாரும் தூங்கின பிறகு ஒத்த தாள்ல ஆரம்பிக்கிறேன். பதினஞ்சு நிமிஷம் அலாரம் வெச்சிட்டு, நடந்த ஒரு விஷயத்த மட்டும். நன்றிங்க.